குப்பைத் தொட்டி இல்லாத ஊர்: ஜப்பான் பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, கோயாசான் மலை ஆகிய இடங்களில் நானும் என் மனைவியும் பதினாறு நாள்கள் தங்கித் திரும்பியதிலிருந்து, நண்பர்களும் உறவினர்களும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. தனித்தனியே சொல்லிவந்த பதில்களை ஓரிடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. விசா, விமானக் கட்டணம், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் ஆகியவை இதில் இல்லை. அவை எங்கும் கிடைக்கும். முதல்முறை போய் இறங்குபவர் எங்கெல்லாம் திகைத்து நிற்பார், அந்தத் திகைப்புக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பற்றியே எழுதியிருக்கிறேன்.

முதலில் திகைக்க வைத்தது எது?

குப்பைத் தொட்டி இல்லாததுதான். போய் இறங்கிய நாள் காலையில் ஒரு வாழைப்பழம் வாங்கி ரயில் நிலைய வாசலில் நின்றபடியே சாப்பிட்டேன். தோலைப் போட இடம் தேடத் தொடங்கியவன், இரவு ஏழரை மணிக்கு விடுதி அறைக்குத் திரும்பும்வரை அதைப் பைக்குள் வைத்துக்கொண்டே டோக்கியோவில் பாதியைச் சுற்றிவந்தேன். தெருவில் ஒரு தாள் துண்டுகூடக் கிடக்கவில்லை, போடுவதற்கு ஒரு தொட்டியும் இல்லை என்ற இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்ளவே இரண்டு நாள் பிடித்தது.

இதற்கு ஒரு துயரமான வரலாறு உண்டு. 1995 மார்ச் 20 அன்று ஓம் ஷின்ரிக்யோ என்னும் சமயக் குழுவினர் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் என்ற நச்சுப்பொருளைப் பரப்பிப் பலரைக் கொன்றார்கள். அதன் பிறகு, எதையும் மறைத்துவைக்க இடம்தரும் தொட்டிகள் நிலையங்களிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் பெருமளவில் அகற்றப்பட்டன. ஆனால் தொட்டி போன பிறகும் தெரு அழுக்காகவில்லை என்பதற்கு அந்த வரலாறு விடையாகாது. அவரவர் குப்பையை அவரவர் வீட்டுக்கு எடுத்துச் செல்வது அங்கே வழக்கம். வீட்டிலும் எரியக்கூடியது, எரிக்க முடியாதது, பிளாஸ்டிக், புட்டி என்று பிரித்து, எந்தக் கிழமையில் எது என்ற உள்ளூர் அட்டவணைப்படிதான் வெளியே வைக்க முடியும். பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வகுப்பறையைத் தாங்களே பெருக்கித் துடைக்கிறார்கள். நடந்துகொண்டே தின்பதையும் பலர் தவிர்க்கிறார்கள். ஆகவே தெருவில் குப்பை உண்டாவதே குறைவு.

தானியங்கி விற்பனைப் பெட்டிகளின் பக்கத்தில் வட்டத் துளையுடன் ஒரு தொட்டி தென்படும். அது காலிப் புட்டிகளுக்கும் டப்பாக்களுக்கும் மட்டுமே. வாழைப்பழத் தோலை அதில் திணிக்க எனக்கும் ஒரு கணம் ஆசை வந்தது, செய்யவில்லை. கையோடு ஒரு சிறு பிளாஸ்டிக் பையைக் கொண்டுபோனால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும்.

ரயிலில் பேசவே கூடாதா?

தாழ்ந்த குரலில் பேசலாம். கைப்பேசியில் பேசுவதுதான் கூடாது. ஒலியை நிறுத்திவைக்கும்படி அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் வீட்டிலிருந்து ஓர் அழைப்பு வந்தபோது, மறந்துபோய் எடுத்து வழக்கமான குரலில் நாலு வாக்கியம் பேசிவிட்டேன். யாரும் முறைக்கவில்லை, யாரும் எதுவும் சொல்லவில்லை. எதிரே இருந்தவர்கள் தங்கள் மடியை இன்னும் கவனமாகப் பார்த்தார்கள், அவ்வளவுதான். யாராவது இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

அங்கே ‘மேவகு’ என்ற ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். பிறருக்குத் தொல்லையாக இருப்பது என்று அதற்குப் பொருள். முதுகுப் பையை ரயிலில் முன்பக்கம் மாற்றிக்கொள்வது, சளி பிடித்தவர் முகக்கவசம் அணிவது, மழையில் நனைந்த குடையைக் கடை வாசலில் உறையிட்டு எடுத்துச் செல்வது ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சொல் இருக்கிறது. எதிரில் இல்லாத மனிதரையும், நமக்குப் பின்னால் அதே இருக்கைக்கு வரப்போகும் மனிதரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று புரிந்த பிறகு, எனக்கு அந்த ஊரின் பாதி விதிகள் யாரும் சொல்லாமலே விளங்கின. மீதிப் பாதி கடைசிவரை விளங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ரயில்கள் உண்மையிலேயே நொடி பிசகாமல் ஓடுகின்றனவா?

பெரும்பாலும் ஆம். 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று குறித்த நேரத்துக்கு 20 விநாடி முன்னதாகப் புறப்பட்டதற்கு அந்த நிறுவனம் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டது; அந்தச் செய்தி உலகம் முழுவதும் பரவியது. தாமதம் ஏற்பட்டால், அலுவலகத்தில் காட்டுவதற்கென்று நிலையத்தில் தாமதச் சான்று கொடுக்கிறார்கள். ஆகவே தாமதமே இல்லாத ஊர் என்று நினைக்க வேண்டாம்; தாமதத்துக்கு ரசீது தரும் ஊர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுநரின் அறைக்குப் பின்னால் நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். வெள்ளைக் கையுறை அணிந்த ஓட்டுநர், ஒவ்வொரு சமிக்ஞையையும் விரலால் சுட்டிக்காட்டி, அது என்ன நிறம் என்று தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். முதலில் பார்த்தபோது சடங்கு போலத் தோன்றியது. கண், கை, வாய், காது நான்கையும் ஒரே வேலையில் ஈடுபடுத்தினால் கவனப்பிசகு குறையும் என்பதற்காகச் செய்யும் பயிற்சி அது என்று பின்னர் அறிந்தேன். 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் ஓடத் தொடங்கிய ஷின்கான்சென் அதிவேக ரயிலில், தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை என்ற செய்தியை இந்த விரல்களோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

நடைமுறைக்கு மூன்று செய்திகள் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பெட்டியோடு டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்செனில் ஏறுவதாக இருந்தால், அதற்குரிய இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ஜே.ஆர். ரயில் பாஸின் விலை 2023 அக்டோபரில் 50,000 யென்னாக உயர்ந்துவிட்டது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஒருவழிக் கட்டணம் சுமார் 14,000 யென்தான் என்பதால், போய்வருவதற்கு மட்டும் பாஸ் வாங்குவது நஷ்டம். நள்ளிரவை ஒட்டி நகர ரயில்கள் நின்றுவிடும். அதற்குப் பின் டாக்ஸிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நாள் சாப்பாடு முடிந்துவிடும்.

வழி கண்டுபிடிப்பது கடினமா?

கைப்பேசி வரைபடம் இருக்கும்வரை கடினமில்லை. அது இல்லாமல் போனால் மிகக் கடினம். கியோட்டோவின் பழைய பகுதி போன்ற சில இடங்களை விட்டால் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரே கிடையாது. முகவரி என்பது வட்டாரம், அதற்குள் பகுதி எண், அதற்குள் மனைத்தொகுதி எண், அதற்குள் கட்டட எண் என்று உள்ளே உள்ளே போகும். தெரு என்பது அந்தத் தொகுதிகளுக்கு நடுவே கிடக்கும் வெற்றிடம் மட்டுமே. டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் இருக்கின்றன. எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்பதோடு எந்த வாயிலில் வெளியேற வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளாமல் அங்கே போனால், சேர வேண்டிய கட்டடத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் சுற்ற நேரிடும்.

இன்னொரு சின்னக் குழப்பம். நகரும் படிக்கட்டில் டோக்கியோவாசிகள் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பார்கள், ஒசாகாவாசிகள் வலப்பக்கம். முன்னால் நிற்பவரைப் பார்த்து நில்லுங்கள்.

சைவ உணவுக்காரர்கள் சமாளிக்க முடியுமா?

முடியும், ஆனால் இந்தப் பயணத்தில் மிகவும் உழைக்க வேண்டியது இதற்குத்தான். எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

‘நிகு’ என்றால் இறைச்சி. ‘நிகு வேண்டாம்’ என்று நீங்கள் சொன்னால், சமையற்காரர் மனப்பூர்வமாக இறைச்சியை விலக்கிவிட்டு மீனைப் போட்டுத் தருவார். அவர் ஏமாற்றவில்லை, அந்தச் சொல்லுக்குள் மீன் வராது. மீன் வேண்டாம் என்று சேர்த்துச் சொன்னாலும் சிக்கல் தீராது, ஏனெனில் ‘தாஷி’ என்னும் அடிச்சாறு மிச்சம் இருக்கிறது. உலர்த்திப் புகையூட்டிய கட்சுஓ என்னும் சூரை வகை மீனின் சீவல்களையும் கொம்பு என்னும் கடற்பாசியையும் ஊறவைத்துக் காய்ச்சி எடுக்கும் இந்தச் சாறுதான் மிசோ என்னும் சோயா விழுதில் செய்யும் சூப், உதோன், சோபா என்னும் நூடுல்ஸ் வகைகள், வேகவைத்த காய்கறி, முட்டைப் பணியாரம் எல்லாவற்றுக்கும் அடிப்படை. வெறும் கத்தரிக்காய்க் கூட்டு போலத் தோன்றும் பண்டத்திலும் அது இருக்கும். கடையில் விற்கும் ஜப்பானியக் கறிக் கட்டிகளில் பலவற்றில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ உண்டு. பொட்டலத்தில் ஒவ்வாமைப் பொருள்களைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்றால், அந்தக் கட்டாயப் பட்டியலில் இறாலும் நண்டும் முட்டையும் பாலும் இருக்கின்றனவே தவிர மீன் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இது நெடுங்காலம் இறைச்சியை விலக்கிய நாடு. மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை உண்ணக் கூடாது என்று தென்மு பேரரசர் 675இல் ஆணையிட்டார். பௌத்தத்தின் செல்வாக்கால் இந்த விலக்கு வெவ்வேறு அளவில் பல நூற்றாண்டுகள் நீடித்தது. மெய்ஜி பேரரசரே மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி 1872இல் வெளியிடப்பட்ட பிறகுதான் அது பொதுவாக உடைந்தது. மீனுக்கு அந்த விலக்கு இல்லாததால், சமையலின் சுவை முழுவதும் மீனைச் சுற்றி வளர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களுக்குக் கைகொடுத்தவை இவை: கடைகளில் கிடைக்கும் ஊறவைத்த உமே பழம் வைத்த அரிசி உருண்டை, டோஃபு, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பழங்கள், பெரிய நகரங்களில் இருக்கும் இந்திய உணவகங்கள், ஜப்பானிய மொழியில் அச்சிட்டுக் கொண்டுபோன ஓர் அட்டை. ‘இறைச்சி, மீன், இறால் வகை, மீன் தாஷி ஆகியவற்றை நாங்கள் உண்பதில்லை’ என்று அந்த அட்டையில் எழுதியிருந்தது. அதைப் பார்த்த பலர் உள்ளே போய்ச் சமையற்காரரைக் கேட்டுவந்து, முடியாது என்று வருத்தத்தோடு திருப்பி அனுப்பினார்கள். தெரியாமல் எதையோ தின்பதைவிட அது எவ்வளவோ மேல்.

உண்மையில் வயிறு நிறைந்தது கோயாசான் மலையில்தான். கூகாய் என்னும் துறவி 816இல் தம் மடத்துக்காகப் பேரரசரிடம் பெற்ற மலை அது. இன்றும் அங்கே ஏறத்தாழ ஐம்பது கோயில்கள் பயணிகளுக்குத் தங்குமிடம் தருகின்றன. ‘ஷோஜின்’ என்ற துறவியர் உணவில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் கிடையாது. எள்ளை அரைத்துக் கிளறிச் செய்த ‘கோமா டோஃபு’ என்ற பண்டத்தை என் மனைவி இரண்டு முறை கேட்டு வாங்கினாள். இரண்டாம் முறை கேட்டது அங்கே வழக்கமில்லை என்பது பரிமாறியவரின் முகத்தில் தெரிந்தது, ஆனாலும் கொண்டுவந்து வைத்தார்.

ஒரு சிறு துணுக்கையும் சேர்த்துக்கொள்கிறேன். வங்காளப் புரட்சியாளர் ராஷ் பிஹாரி போஸ் 1915இல் ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஜப்பானுக்குப் போனபோது, ஷின்ஜுகுவில் நாகமுராயா என்ற ரொட்டிக் கடை நடத்திய குடும்பம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. அந்த வீட்டுப் பெண்ணையே அவர் மணந்தார். 1927இல் அந்தக் கடையில் தொடங்கிய உணவகத்தில் அவர் அறிமுகப்படுத்திய இந்தியக் கறி இன்றும் விற்பனையாகிறது. அது கோழிக்கறி; நாங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தோம்.

பணம் கொடுப்பதில் என்ன விசேஷம்?

கையில் கொடுக்க மாட்டார்கள், வாங்கவும் மாட்டார்கள்; ஒரு சிறு தட்டில்தான் வைக்க வேண்டும். டிப்ஸ் கிடையாது. மேசையில் சில்லறையை விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்துத் தெருமுனைவரை ஓடிவந்து கொடுப்பார்கள். என் பின்னால் ஒரு பெண் அப்படி ஓடிவந்தாள். மதுக்கடைகளில் நீங்கள் கேட்காத ஒரு சிறு கிண்ணம் பண்டம் மேசைக்கு வந்து, அதற்கும் ரசீதில் சில நூறு யென் ஏறியிருந்தால் சண்டை போடாதீர்கள். ‘ஒதோஷி’ எனப்படும் இருக்கைக் கட்டணம் அது.

வரி, கடையில் உண்டால் 10 விழுக்காடு. அதே உணவைக் கட்டி எடுத்துப்போனால் 8 விழுக்காடு. அட்டை செல்லாத சிறு கடைகளும் கோயில்களும் இன்னும் உண்டு என்பதால், ரொக்கம் கொஞ்சம் இருக்கட்டும். 5 யென், 50 யென் நாணயங்களின் நடுவில் துளை இருக்கும். ‘கோஎன்’ என்ற ஒலி 5 யென்னையும் நல்ல தொடர்பையும் ஒருசேரக் குறிப்பதால், கோயில் உண்டியலில் 5 யென்னைத்தான் விரும்பிப் போடுகிறார்கள்.

செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தானே, அதில் என்ன இருக்கிறது?

அப்படி நினைத்துத்தான் நானும் தவறு செய்தேன். நாம் செருப்பைக் கழற்றினால் வேலை முடிந்தது. அங்கே அது தொடக்கம் மட்டுமே. வாசலில் ‘கென்கான்’ என்ற தாழ்ந்த தளத்தில் காலணியைக் கழற்றி, கழற்றிய காலை அதே தளத்தில் வைக்காமல் நேரே மேல்தளத்தில் வைத்து ஏற வேண்டும். காலணிகளை வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்க வேண்டும். பிறகு வீட்டுச் செருப்பை அணிந்து நடக்க வேண்டும். ததாமி என்னும் பாய் விரித்த அறைக்குள் நுழையும்போது அதையும் விட வேண்டும். கழிவறைக்கென்று தனிச் செருப்பு இருக்கும். கழிவறைச் செருப்போடு நான் உணவுக்கூடம்வரை வந்துவிட்ட கதையை வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

விடுதியில் தரும் யுகாதா அங்கியில் இடப்பக்கம் மேலே வரும்படி மடிக்க வேண்டும். வலப்பக்கம் மேலே வரும்படி மடிப்பது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. சாப்பாட்டில் இரண்டைத் தவிருங்கள்: சோற்றில் குச்சிகளை நட்டுவைப்பதும், ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவதும். இரண்டும் சாவுச் சடங்குகளை நினைவூட்டும். எரியூட்டிய பின் எலும்புகளைக் குச்சியால் எடுத்துக் கைமாற்றுவது அங்கே வழக்கம்.

பொதுக் குளியலில் ஆடையே இல்லாமல் இறங்க வேண்டுமாமே?

ஆம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் என்றாலும், அந்நியர் நடுவில் ஆடையின்றி நடப்பது எனக்கு மலையேறுவதைவிடக் கடினமாக இருந்தது. வாசலில் பத்து நிமிடம் தயங்கிவிட்டுத்தான் போனேன். ஐந்தே நிமிடத்தில், அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று தெரிந்துபோயிற்று.

ஓன்சென் என்ற வெந்நீர் ஊற்றுக் குளியல் அழுக்குப் போக்குவதற்கானது அன்று. முக்காலியில் அமர்ந்து சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து, நுரை முழுவதையும் கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தொட்டி ஊறுவதற்கு மட்டும். கையிலிருக்கும் சிறு துண்டு நீரில் படக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் உள்ளே விடுவதில்லை, ஏனெனில் யாகுசா என்னும் குற்றக் கும்பல்களோடு அது தொடர்புபடுத்தப்படுகிறது. நீர் 40 பாகைக்கு மேல் இருக்கும். வெறும் வயிற்றில் நீண்ட நேரம் இருந்தால் தலை சுற்றும். மனம் ஒப்பாதவர்களுக்கு, அறையோடு சேர்ந்த தனிக் குளியல் உள்ள விடுதிகளும் இருக்கின்றன.

கழிவறை எப்படி?

தண்ணீர் உண்டு! வெளிநாடு என்றாலே தாள்தான் என்று பயப்படுவோருக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. டோட்டோ நிறுவனம் 1980இல் கொண்டுவந்த நீர்பீச்சும் இருக்கை இன்று வீடுகளில் பரவலாக இருக்கிறது, பொதுக் கழிவறைகளிலும் நிறைய உண்டு. பொத்தான்களில் எது எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழுத்திப் பார்க்க வேண்டாம். கை துடைக்கத் தாள் பெரும்பாலும் இருக்காது, கைக்குட்டை அவசியம்.

நேராக ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்களா?

அரிது. ஓர் உணவகத்தில், நூடுல்ஸில் இருக்கும் முட்டையை மட்டும் எடுத்துவிட்டுத் தர முடியுமா என்று கேட்டேன். அந்த இளைஞர் பல்லிடுக்கில் மூச்சை உள்ளிழுத்தார், தலையைச் சாய்த்தார், ‘சொட்டோ...’ என்றார். ‘கொஞ்சம்’ என்பது அதன் நேர்ப்பொருள். கொஞ்சம் என்ன என்று அறிய நான் ஆவலோடு காத்திருந்தேன். அவரும் காத்திருந்தார். வாக்கியம் அங்கேயே முடிந்துவிட்டது என்பதும், மீதியை நான்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதும் பிறகே தெரிந்தது.

இதற்கு அங்கே ‘காற்றைப் படிப்பது’ என்று ஒரு தொடர் இருக்கிறது. சூழலில் இருப்பதை யாரும் வாயால் சொல்லாமலே உணர்ந்து நடந்துகொள்வது என்று பொருள். அயலாருக்கு இது எளிதில் கைவராது. மறுப்பைக் காதால் தேடாமல், இடைவெளியிலும் தலைச்சாய்விலும் தேடத் தொடங்கியபோது எனக்கு ஓரளவு பிடிபட்டது. நீங்கள் கேட்பது எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்துகிறது என்று தெரிந்தால், ‘பரவாயில்லை’ என்று நீங்களே முதலில் பின்வாங்கிவிடுவது நல்லது. அவர் முகம் உடனே மலர்வதைப் பார்க்கலாம்.

தொலைந்த பொருள் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மையா?

எங்களுக்குக் கிடைத்தது. என் மனைவி பேருந்தில் விட்ட சிறு பணப்பை, மறுநாள் காவல் சாவடியில் விசாரித்து, அவர்கள் சொன்ன இடத்துக்குப் போனபோது, உள்ளே இருந்த நாணயங்கள்வரை எண்ணி எழுதிய தாளோடு வந்தது. ‘கோபான்’ எனப்படும் இந்தச் சிறு சாவடிகள் தெருமுனைகளில் இருக்கின்றன. வழி கேட்கவும் அங்கேதான் போகிறார்கள். நேர்மை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கண்டெடுத்தவர் பொருளின் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதி பெறச் சட்டம் இடம் தருகிறது. மூன்று மாதத்துக்குள் உரியவர் வராவிட்டால் பொருள் பெரும்பாலும் அவருக்கே சேரும். குடைக்கு மட்டும் இந்த உறுதியைத் தர மாட்டேன். ஒரே மாதிரியான தெளிந்த பிளாஸ்டிக் குடைகள் ஊர் முழுவதும் இருப்பதால், என்னுடையது இரண்டு முறை கைமாறியது.

நிலநடுக்கம் வந்ததா?

ஓர் இரவு கட்டில் லேசாக ஆடியது, அவ்வளவுதான். வலுவான அதிர்வு வருவதற்குச் சில நொடிகள் முன்னதாக எல்லாக் கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் அலறும் எச்சரிக்கை முறை அங்கே உண்டு. ரிக்டரைப் போல நிலநடுக்கத்தின் ஆற்றலைச் சொல்லாமல், நீங்கள் நிற்கும் இடம் எவ்வளவு குலுங்கியது என்பதை 0 முதல் 7 வரை ‘ஷிந்தோ’ என்ற அளவில் சொல்வார்கள்.

எங்களை அதைவிட அதிகம் பதற வைத்தது மாலை ஐந்து மணி இசை. ஊர் முழுவதும் கம்பங்களில் இருந்த ஒலிபெருக்கிகள் திடீரென்று ஒரு மெல்லிசையை எழுப்பின. என்னவோ நடந்துவிட்டது என்று நடைபாதையில் நின்றுவிட்டோம். பேரிடர்க் காலத்தில் அறிவிப்புச் செய்யும் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று தினமும் சோதிக்கிறார்கள். விளையாடும் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரம் என்ற அறிவிப்பாகவும் அது ஆகிவிட்டது.

நம் தெய்வங்கள் அங்கே இருப்பதாகச் சொல்கிறார்களே?

இருக்கிறார்கள், வேறு பெயர்களில். இந்தப் பயணத்தில் நான் எதிர்பாராத மகிழ்ச்சி இதுதான். டோக்கியோவின் உவெனோ பூங்காக் குளத்தின் நடுவே குடியிருக்கும் பென்சைதென், நம் சரஸ்வதி; பல இடங்களில் அவள் கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற நரம்புக் கருவி இருக்கும். அரிசி மூட்டைமேல் நின்று சிரிக்கும் தைகோகுதென், மகாகாலன் என்ற பெயரின் மொழிபெயர்ப்பு. ருத்திரனாகப் புறப்பட்டவர் அங்கே போய்ச் சமையலறைச் செல்வக் கடவுளாகிவிட்டார். அசாகுசாவில் மத்சுசியாமா ஷோதென் என்ற கோயிலில் பிள்ளையார் இருக்கிறார்; திருவுருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை, படையல் முள்ளங்கி. அடுக்கடுக்காக வெள்ளை முள்ளங்கி வைத்த பிள்ளையார் சந்நிதியில் நின்றபோது, கொழுக்கட்டை நினைவு வராமல் இருக்கவில்லை. கியோட்டோவின் சன்ஜூசன்கென்தோ மண்டபத்தில் கன்னோன் என்னும் கருணைப் போதிசத்துவரின் 1001 திருவுருவங்களுக்கு முன்னால் காவலாக நிற்பவர்களில் ‘கருரா’ என்ற பறவை முகத்தவர் புல்லாங்குழல் ஊதுகிறார். கருடன்தான்.

கோயாசானில் விடியற்காலை வழிபாட்டில், தீ வளர்த்துக் குச்சிகளை இட்டு மந்திரம் ஓதினார்கள். அதன் பெயர் ‘கோமா’. ஹோமம் என்ற சொல் சீனம் வழியாகப் போய் அப்படி ஆனது. மந்திரத்தின் முடிவில் ‘சொவாகா’ என்று கேட்டது ‘ஸ்வாஹா’ என்று உணர்ந்தபோது உடல் சிலிர்த்தது. மலையின் பெரிய இடுகாட்டில், இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளுக்கு நடுவே, சித்தம் என்ற இந்திய எழுத்து இன்றும் கற்களில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

அதே எழுத்துப் பயிற்சிதான் ஜப்பானிய நெடுங்கணக்கின் வரிசையையும் அமைத்தது என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரியும். அ, இ, உ, எ, ஒ. பின்பு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. ஹகரம் பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்று சேர்த்துக்கொண்டால், நம் அரிச்சுவடியைப் படித்த எவருக்கும் அந்த வரிசையைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அப்படியானால் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகளா?

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் அப்படி ஒரு கருத்தை முன்வைத்து நெடுங்காலம் வாதிட்டார். பெரும்பாலான வரலாற்று மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. ஏற்காததற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் உறவு இருக்கிறதோ இல்லையோ, அமைப்பில் உள்ள ஒற்றுமை கற்பவருக்குப் பெரிய உதவி. வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும்: ‘டோக்கியோ நி இகு’ என்றால் டோக்கியோவுக்குப் போகிறேன். ‘வதாஷி மோ’ என்றால் நானும். எல்லாவற்றையும்விட, அவர்களிடமும் இரட்டைக்கிளவி குவிந்து கிடக்கிறது. நட்சத்திரம் ‘கிரகிர’ என்று மின்னும். இடி ‘கொரொகொரொ’ என்று உருளும்.

பிடிக்காதது எதுவும் இல்லையா?

இருக்கிறது. இரண்டு பிஸ்கட்டுக்கு மூன்று உறை என்ற அளவில் பிளாஸ்டிக். உணவுப் பட்டியலில் உள்ளதை ஓர் இம்மியும் மாற்றித்தர மறுக்கும் பிடிவாதம். கியோட்டோவில் கூட்டம் தாங்க முடியவில்லை. கியோன் பகுதிச் சந்துகளில் கெய்ஷா என்னும் மரபுக் கலைப் பெண்களைத் துரத்திப் படமெடுத்த பயணிகளால், தனியார் வழிகளில் படமெடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைக்கும் நிலை வந்துவிட்டது. ஆகவே இந்தக் குறையில் பாதி நம்மைப் போன்ற பயணிகளுடையது. இன்னொன்று, தனிமை. எல்லோரும் பணிவாக இருந்தார்கள், யாரும் எங்கள் ஊர் எது என்று கேட்கவில்லை. பத்தாம் நாளுக்கு மேல் அது உறுத்தத் தொடங்கியது. கோயாசான் பேருந்தில் ஒரு பாட்டி என் மனைவியின் புடவையைத் தொட்டுப் பார்த்து ஜப்பானிய மொழியில் ஏதோ நீளமாகப் பேசியபோது, ஒரு சொல்லும் புரியாமலே அவள் கண் கலங்கிவிட்டாள்.

எத்தனை சொற்கள் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

ஒன்று போதும்: ‘சுமிமாசென்’. கூட்டத்தில் வழி கேட்க, பணியாளரைக் கூப்பிட, காலை மிதித்துவிட்டால் வருத்தம் தெரிவிக்க, யாராவது உதவி செய்தால் நன்றி சொல்ல, எல்லாவற்றுக்கும் இதே சொல். கடைக்குள் நுழைந்ததும் எல்லாப் பக்கமிருந்தும் ‘இரஷ்ஷைமாசே’ என்று உரக்க வரவேற்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நான் முதல் இரண்டு நாளும் ஒவ்வொருவருக்கும் திரும்பிக் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்; அவர்களும் விடாமல் திரும்பக் குனிந்தார்கள்.